அறிக்கை வராத காலையையும் கவனியுங்கள்

கணினிப் பகுதிக்கு இம்முறை வந்த கடிதங்களில் பல, தினசரி பேக்கப் வேலையின் நிலையைக் கட்டளை வரியிலிருந்தே அறிக்கையாகத் தயாரிப்பது பற்றியவை. ஒன்றோடொன்று தொடர்புடையவை என்பதால் அவற்றை ஒரே இதழில் சேர்த்துத் தருகிறோம்.

கேள்வி: எங்கள் நூல் வியாபார நிறுவனத்தின் கணக்குக் கோப்புகள் உபுண்டு சர்வர் ஒன்றில் உள்ளன. இரவு 1 மணிக்கு ஆர்சிங்க் என்ற நகலெடுக்கும் கட்டளை மூலம் வெளி ஹார்ட் டிஸ்க்குக்கு நகல் எடுக்கிறோம். தினமும் காலையில் நான் சர்வருக்குள் நுழைந்து லாக் கோப்பைத் திறந்து பார்க்கிறேன். இந்தப் பொறுப்பை ஒரு ஸ்கிரிப்டிடம் ஒப்படைத்து, மின்னஞ்சலில் அறிக்கை வரும்படி செய்ய முடியுமா? எதிலிருந்து தொடங்க வேண்டும்? (ஈரோடு வாசகர்)

பதில்: தாராளமாகச் செய்யலாம். முதல் வரியை எழுதுவதற்கு முன், லாக் கோப்பைத் திறக்கும்போது உங்கள் கண் எதைத் தேடுகிறது என்பதை ஒரு தாளில் எழுதிக்கொள்ளுங்கள். நேற்றிரவு வேலை தொடங்கியதா, முடிந்ததா, கிடைத்த நகல் வழக்கமான அளவில் இருக்கிறதா, இன்றிரவுக்கு டிஸ்க்கில் இடம் மிச்சமிருக்கிறதா என்ற நான்கு கேள்விகளாக அது அமையும். அறிக்கை இந்த நான்குக்கும் விடை சொன்னால் போதும். ஆயிரக்கணக்கான கோப்புப் பெயர்களை அப்படியே கொட்டும் அறிக்கையை முதல் வாரத்துக்குப் பிறகு யாரும் படிப்பதில்லை.

லினக்ஸில் ஒவ்வொரு கட்டளையும் முடியும்போது ஓர் எண்ணை விட்டுச் செல்கிறது. பூஜ்யம் என்றால் பழுதில்லை. வேறு எண் என்றால் கவனிக்க வேண்டிய ஏதோ ஒன்று நடந்திருக்கிறது. அந்த எண் $? என்ற மாறியில் கிடைக்கும். ஆனால் அடுத்த கட்டளை ஓடியவுடன், அது வெறும் எக்கோ கட்டளையாக இருந்தாலும், பழைய எண் அழிந்து புதியது வந்துவிடும். ஆகவே ஆர்சிங்க் வரிக்கு நேர் அடுத்த வரியிலேயே அதை வேறொரு மாறியில் எடுத்து வைத்துவிடுங்கள். 'நகல் முடிந்தது' என்று லாக்கில் எழுதும் வரியை இடையில் செருகிவிட்டு, அதன் பிறகு $? மதிப்பைச் சோதிக்கும் ஸ்கிரிப்டுகளை அடிக்கடி காண்கிறேன். அவை சோதிப்பது எக்கோ கட்டளையின் வெற்றியை என்பதால், டிஸ்க் பழுதாகிக் கிடந்தாலும் தினமும் வெற்றியையே அறிவித்துக்கொண்டிருக்கும்.

ஆர்சிங்க் தரும் எண்களில் இரண்டை உங்கள் ஸ்கிரிப்ட் தனித்தனியாக அறிந்திருக்க வேண்டும். 23 என்றால் சில கோப்புகளையோ அவற்றின் விவரங்களையோ பிழை காரணமாக நகலெடுக்க முடியவில்லை. பெரும்பாலும் அனுமதிச் சிக்கலாக இருக்கும், உடனே பார்த்தாக வேண்டும். 24 என்றால், பட்டியல் எடுத்தபோது இருந்த கோப்பு, நகலெடுக்கப் போனபோது மறைந்துவிட்டது. தற்காலிகக் கோப்புகள் வந்துபோகும் சர்வரில் இது இயல்பு. இரண்டையும் 'தோல்வி' என்ற ஒரே சொல்லில் அடக்கினால், 24-ஐப் பார்த்துப் பார்த்துச் சலித்துப்போய், ஒருநாள் 23-ஐயும் கடந்துவிடுவீர்கள். 24-க்கு 'கவனம்' என்றும் பூஜ்யம் தவிர்த்த மற்றவற்றுக்கு 'பிழை' என்றும் பிரித்துக்கொள்ளுங்கள்.

வெளி டிஸ்க் என்று நீங்கள் எழுதியிருப்பதால் இன்னொன்றையும் சொல்லியாக வேண்டும். அந்த டிஸ்க்கின் கேபிள் கழன்றோ, சர்வர் மறுதொடக்கமானபோது டிஸ்க் இணையாமலோ போனால், அது அமரும் ஃபோல்டர் வெறுமையாக அங்கேயேதான் இருக்கும். ஆர்சிங்க் அந்த வெற்று ஃபோல்டருக்குள், அதாவது சர்வரின் சொந்த டிஸ்க்கிலேயே, எல்லாவற்றையும் நகலெடுத்துவிட்டுப் பூஜ்யத்துடன் முடியும். அசலும் நகலும் ஒரே டிஸ்க்கில் இருக்க, அறிக்கை 'சரி' என்று சொல்லும். சர்வரின் டிஸ்க்கும் நிரம்பிவிடக்கூடும். நகலெடுக்கும் முன் மவுன்ட்பாயின்ட் என்ற சிறு கட்டளையை ஓட்டி, அந்த ஃபோல்டரில் உண்மையிலேயே வேறொரு டிஸ்க் அமர்ந்திருக்கிறதா என்று உறுதிசெய்யுங்கள். இல்லையென்றால் வேலையை அங்கேயே நிறுத்திவிட வேண்டும்.

அறிக்கையின் வடிவத்துக்கு ஒரு மாதிரி தருகிறேன்:

பொருள்: சரி – கணக்கு சர்வர் – 12 ஜூன்
தொடக்கம் 01:00, முடிவு 01:47, முடிவு எண் 0
நகலின் அளவு 41.6 ஜிபி, முந்தைய நாள் 41.5 ஜிபி
நகலில் உள்ள மிகப் புதிய கோப்பு: 11 ஜூன், 20:52
டிஸ்க்கில் மீதி இடம்: 212 ஜிபி

பொருள் வரியின் முதல் சொல்லே முடிவைச் சொல்லிவிட வேண்டும். கைப்பேசித் திரையில் அந்த ஒரு சொல்தான் முதலில் கண்ணில் படும். என் கணிப்பில் இந்த ஐந்து வரிகளில் அதிகம் பேசுவது நான்காவது வரி. ஆர்சிங்கை ஆவண விருப்பத்துடன் (-a) ஓட்டினால் அசல் கோப்பின் மாற்ற நேரம் நகலிலும் அப்படியே இருக்கும் என்பதால், ஃபைண்ட் கட்டளையால் நேரங்களைப் பட்டியலிட்டு, ஸார்ட்டால் வரிசைப்படுத்தி, டெயிலால் கடைசி வரியை எடுத்தால், நகல் எந்த நேரம் வரையிலான வேலையைக் காத்து வைத்திருக்கிறது என்பது தெரிந்துவிடும். கணக்கு மென்பொருள் வேறொரு ஃபோல்டருக்கு மாற்றப்பட்டு, ஸ்கிரிப்ட் இன்னும் பழைய ஃபோல்டரையே நகலெடுத்துக்கொண்டிருந்தால், முடிவு எண் பூஜ்யமாக இருக்கும், அளவும் மாறாது. இந்தத் தேதி மட்டும் நகராமல் நிற்கும்.

கடைசியாக, நகலெடுக்கும் ஸ்கிரிப்டையும் அறிக்கை எழுதும் ஸ்கிரிப்டையும் தனித்தனியாக வைத்துக்கொள்ளுங்கள். முதலாவது, தொடங்கும்போது ஒரு வரியும் முடியும்போது ஒரு வரியும் ஒரு சிறு நிலைக் கோப்பில் எழுதட்டும். இரண்டாவது, காலை 7 மணிக்குத் தன்பாட்டில் எழுந்து அந்தக் கோப்பையும் டிஸ்க்கில் உள்ள நகலையும் பார்த்து அறிக்கை அனுப்பட்டும். தொடக்க வரி இருந்து முடிவு வரி இல்லையென்றால் வேலை எங்கோ தொங்கி நிற்கிறது என்று பொருள். இரண்டுமே நேற்றைய தேதியில் இருந்தால் வேலை தொடங்கவேயில்லை. ஒரே ஸ்கிரிப்டாக இருந்தால், தொங்கி நிற்கும் வேலை தன் தோல்வியைத் தானே அறிவிக்க வழியில்லை. கல்லாவைப் பூட்டினேன் என்று ஒருவர் சொன்னாலும், சாவியை வாங்கும் முன் பூட்டை ஒருமுறை இழுத்துப் பார்க்கிறோம் அல்லவா, அந்த இழுப்பைத்தான் இரண்டாவது ஸ்கிரிப்ட் செய்கிறது.

கேள்வி: மைஎஸ்க்யூஎல் தரவுத்தளத்தை டம்ப் எடுத்து (தரவு முழுவதையும் உரையாக வெளியே எழுதி), அதைக் குழாய்க் குறி (|) வழியாக ஜிஜிப்புக்கு அனுப்பிச் சுருக்குகிறோம். அறிக்கையில் தினமும் 'சரி' என்றே வந்தது. சென்ற வாரம் தற்செயலாகப் பார்த்தபோது ஒவ்வொரு நகலும் வெறும் 20 பைட் அளவில் இருந்தது. இது எப்படி நடந்தது? (சேலம் வாசகர்)

பதில்: 20 பைட் என்ற அந்த எண்ணே விஷயத்தைச் சொல்லிவிடுகிறது. உள்ளே எதுவுமே வராதபோது ஜிஜிப் எழுதும் தலைப்பும் முடிப்பும் சேர்ந்து சரியாக 20 பைட். அதாவது டம்ப் கட்டளை ஒரு வரியைக் கூடத் தரவில்லை. தரவுத்தளத்தின் கடவுச்சொல்லை யாரேனும் மாற்றியிருக்கலாம், அல்லது அந்தப் பயனரின் அனுமதி பறிபோயிருக்கலாம். இணைப்பு மறுக்கப்பட்ட செய்தி பிழை வெளியீட்டில் போயிருக்கும். அதை எங்கும் சேமிக்காததால் காற்றில் கரைந்துவிட்டது.

'சரி' என்று வந்ததற்குக் காரணம் குழாயின் இயல்பு. ஒன்றையொன்று தொடரும் கட்டளைகளைக் குழாயால் இணைக்கும்போது, ஷெல் (நம் கட்டளைகளை வாங்கி ஓட்டும் நிரல்) கடைசிக் கட்டளையின் எண்ணையே முழு வரியின் எண்ணாக எடுத்துக்கொள்கிறது. டம்ப் தோற்றது, ஜிஜிப் வென்றது, $? பூஜ்யமாகியது. பாஷ் ஷெல்லில் இதற்கு மருந்து உண்டு: ஸ்கிரிப்டின் தொடக்கத்தில் ஸெட் கட்டளையின் மூலம் பைப்ஃபெயில் விருப்பத்தை இயக்கினால், குழாயில் எந்த ஒரு கட்டளை தோற்றாலும் முழு வரியும் தோற்றதாகக் கொள்ளப்படும். எந்தக் கட்டளை தோற்றது என்று பிரித்தறிய வேண்டுமானால் பைப்ஸ்டேட்டஸ் என்ற வரிசை மாறி ஒவ்வொன்றின் எண்ணையும் தனித்தனியே தரும்.

இதோடு நிறுத்திவிடாதீர்கள். ஜிஜிப்பின் சோதனை விருப்பத்தைச் சேர்த்துவிட்டால் போதும் என்று பலர் நினைக்கிறார்கள். உங்கள் 20 பைட் கோப்பு அந்தச் சோதனையிலும் தேர்ச்சி பெறும், ஏனெனில் சுருக்கக் கோப்பு என்ற வகையில் அதில் எந்தக் குறையும் இல்லை. மைஎஸ்க்யூஎல் டம்ப் வெற்றிகரமாக முடியும்போது, கடைசி வரியாக, டம்ப் முடிந்தது என்ற குறிப்பைத் தேதியுடன் எழுதுகிறது. சுருக்கத்தை விரித்து, டெயிலால் கடைசி வரியை எடுத்து, அந்தக் குறிப்பு இருக்கிறதா என்று கிரெப்பால் தேடுங்கள். பாதியில் அறுந்த டம்பில் அந்த வரி இருக்காது. அத்துடன் இன்றைய அளவை நேற்றைய அளவோடு ஒப்பிட்டு, பத்தில் ஒரு பங்குக்கு மேல் குறைந்திருந்தால் 'கவனம்' என்று சொல்ல வையுங்கள். வளர்ந்துகொண்டே போகும் கணக்குத் தரவு ஓரிரவில் சுருங்குவதற்கு நல்ல காரணம் அரிது.

பிழை வெளியீட்டையும் லாக்கில் சேர்க்க, கட்டளையின் முடிவில் 2>&1 என்று எழுதும் பழக்கம் உண்டு. டம்ப் வரியில் மட்டும் அப்படி எழுதாதீர்கள்; பிழைச் செய்தி தரவுடன் கலந்து நகலையே கெடுத்துவிடும். அங்கே பிழை வெளியீட்டைத் தனியொரு கோப்புக்குத் திருப்புங்கள். அந்தக் கோப்பில் ஏதேனும் இருந்தால் அதன் முதல் சில வரிகளை அறிக்கையின் அடியில் ஒட்டிவிடலாம்; கடவுச்சொல் மறுக்கப்பட்ட செய்தி முதல் நாளிலேயே உங்கள் கண்ணில் பட்டிருக்கும்.

கேள்வி: கையால் ஓட்டினால் ஸ்கிரிப்ட் சரியாக வேலை செய்கிறது. குறித்த நேரத்தில் கட்டளைகளைத் தானாக ஓட்டும் கிரானில் போட்டால் அறிக்கை வருவதில்லை. (திருநெல்வேலி வாசகர்)

பதில்: நீங்கள் முனையத்தில் அமரும்போது உங்களுக்காக அமைந்திருக்கும் சூழல் கிரானுக்குக் கிடைப்பதில்லை. டெபியன், உபுண்டு சர்வர்களில் கிரான் கட்டளைகளைத் தேடும் பாதை மிகக் குறுகியது. எனவே ஒவ்வொரு கட்டளையையும் முழுப் பாதையுடன் எழுதுங்கள், அல்லது பாதை மாறியை ஸ்கிரிப்டின் தலையிலேயே அமைத்துவிடுங்கள். கிரான் இயல்பாக அழைப்பது எளிய ஷெல்லை. பாஷுக்கே உரிய வசதிகளைப் பயன்படுத்தியிருந்தால் முதல் வரியில் பாஷை வெளிப்படையாகக் குறிப்பிட வேண்டும். கிரான் அட்டவணையிலேயே கோப்பின் பெயரில் தேதியைச் சேர்த்திருந்தால் அதுவும் காரணமாகலாம்: அங்கே % குறி புதிய வரியாகக் கொள்ளப்படுவதால், கட்டளை அந்த இடத்திலேயே வெட்டுப்பட்டுவிடும். தேதி வேலையை ஸ்கிரிப்டுக்குள் வைத்துவிட்டால் இந்தத் தொல்லை இல்லை.

இவை எல்லாம் சரியென்றால், சர்வரில் அஞ்சல் அனுப்பும் மென்பொருள் இருக்கிறதா என்று பாருங்கள். இல்லாவிட்டால் கிரான், வெளியீடு கைவிடப்பட்டது என்று சிஸ்டம் லாக்கில் ஒரு வரி எழுதிவிட்டு அடுத்த வேலைக்குப் போய்விடும். எம்எஸ்எம்டிபி போன்ற சிறு மென்பொருளை நிறுவி, நிறுவனத்தின் மின்னஞ்சல் கணக்கு வழியாக அனுப்பச் செய்வது எளிது. அறிக்கையைத் தமிழில் எழுதுபவர்கள், மொழிச் சூழல் மாறியை யூடிஎஃப்-8 என்று ஸ்கிரிப்டிலேயே அமைக்க வேண்டும். இல்லாவிட்டால் சில மெயில் கட்டளைகள் தமிழ் உரையை அடையாளம் தெரியாத இணைப்புக் கோப்பாக மாற்றி அனுப்பிவிடுகின்றன.

கேள்வி: விண்டோஸில் ரோபோகாப்பி மூலம் நகலெடுக்கிறேன். முடிவு எண் 1 அல்லது 3 என்று வருகிறது. என் பேட்ச் கோப்பு தினமும் 'தோல்வி' என்று அறிக்கை அனுப்புகிறது. கோப்புகளோ சரியாகவே இருக்கின்றன. (மதுரை வாசகர்)

பதில்: பூஜ்யம் அல்லாதது எல்லாம் தோல்வி என்ற விதி ரோபோகாப்பிக்குப் பொருந்தாது. அதன் எண் பல குறிப்புகளின் கூட்டுத்தொகை: 1 என்றால் கோப்புகள் நகலாயின, 2 என்றால் சேருமிடத்தில் கூடுதல் கோப்புகள் உள்ளன, 4 என்றால் பொருந்தாதவை உள்ளன, 8 என்றால் சில கோப்புகள் நகலாகவில்லை, 16 என்றால் வேலையே நடக்கவில்லை. 3 என்பது 1-உம் 2-உம் சேர்ந்தது. ஆகவே 8 அல்லது அதற்கு மேல் வந்தால் மட்டும் தோல்வி என்று எழுதுங்கள். பேட்ச் கோப்பில் இஃப் எர்ரர்லெவல் 8 என்ற சோதனை '8 அல்லது அதற்கு மேல்' என்றே பொருள்படுவதால் ஒரே வரியில் முடிந்துவிடும்.

உங்கள் கடிதத்தில் மறுமுயற்சி விருப்பங்கள் எதுவும் காணப்படவில்லை. யாரேனும் திறந்து வைத்திருக்கும் ஒரு கோப்பை நகலெடுக்க முடியாவிட்டால், ரோபோகாப்பி இயல்பாக 30 விநாடி இடைவெளியில் 10 லட்சம் முறை மீண்டும் முயலும். கணக்குப் போட்டால் அது ஏறத்தாழ 347 நாட்கள். பூட்டிய ஒற்றை எக்செல் கோப்பு உங்கள் பேக்கப்பை முடிவே இல்லாமல் நிறுத்தி வைத்துவிடும். மறுமுயற்சியை இரண்டு அல்லது மூன்றாகவும் காத்திருப்பை ஐந்து விநாடியாகவும் குறைத்துவிடுங்கள்.

கேள்வி: தினமும் 'சரி' என்று மின்னஞ்சல் வருவது எரிச்சலாக இருக்கிறது. பிழை நேரும்போது மட்டும் அறிக்கை அனுப்பினால் போதாதா? (கோவை வாசகர்)

பதில்: போதாது என்று உறுதியாகவே சொல்கிறேன். பிழைக்கு மட்டும் பேசும் ஸ்கிரிப்டின் மௌனத்துக்கு இரண்டு பொருள்கள் உண்டு: எல்லாம் நலமாக இருக்கலாம், அல்லது ஸ்கிரிப்டோ அஞ்சல் வழியோ செத்துப்போயிருக்கலாம். இரண்டையும் உங்களால் பிரித்தறிய முடியாது.

2017 ஜனவரி 31 அன்று, மென்பொருள் நிரல்களைச் சேமித்து வைக்கும் சேவையான கிட்லேப் நிறுவனத்தில் நடந்ததை அவர்களே விரிவாக வெளியிட்டிருக்கிறார்கள். பொறியாளர் ஒருவர் தவறான சர்வரில் தரவுத்தள ஃபோல்டரை அழித்துவிட்டார். சுமார் 300 ஜிபி போய்விட்டது. நகலைத் தேடியபோது, மேகச் சேமிப்பில் பேக்கப் இருக்க வேண்டிய இடம் காலியாக இருந்தது. ஓடிக்கொண்டிருந்த தரவுத்தளம் போஸ்ட்கிரெஸ் 9.6, டம்ப் எடுத்த கருவியோ 9.2 பதிப்பு. பதிப்பு பொருந்தாமல் டம்ப் தோற்றுக்கொண்டே இருந்திருக்கிறது. தோல்வியைச் சொல்லும் மின்னஞ்சல்களையும் கிரான் வேலை அனுப்பத்தான் செய்தது. அவை, அனுப்புநர் உண்மையானவரா என்று பார்க்கும் டிமார்க் சரிபார்ப்பில் தேறாததால் பெறும் சர்வர் அவற்றை நிராகரித்துவிட்டது. அஞ்சல் வரவில்லை என்பதை யாரும் ஒரு செய்தியாக எடுத்துக்கொள்ளவில்லை. வேறொரு தேவைக்காக ஒரு பொறியாளர் ஏறத்தாழ 6 மணி நேரத்துக்கு முன் எடுத்து வைத்திருந்த டிஸ்க் நிலைப்படம்தான் (அந்த நேரத்தில் டிஸ்க் இருந்த நிலையின் பதிவு) அவர்களைக் காப்பாற்றியது. இடைப்பட்ட நேரத்தின் தரவு திரும்பக் கிடைக்கவில்லை.

இப்போது இந்த ஆபத்து கூடியிருக்கிறது. 2024 பிப்ரவரி முதல் ஜிமெயில், தனக்கு அஞ்சல் அனுப்பும் எவரும், அனுப்புநரை உறுதிசெய்யும் எஸ்பிஎஃப் அல்லது டிகிம் அடையாளத்தை அமைத்திருக்க வேண்டும் என்கிறது. சர்வர் தன் பெயரில் நேரடியாக அனுப்பும் அறிக்கை ஸ்பேமுக்குப் போகவோ நிராகரிக்கப்படவோ வாய்ப்பு அதிகம்.

எரிச்சலைக் குறைக்க வழி இருக்கிறது. 'சரி' எனத் தொடங்கும் அறிக்கைகளைத் தனி ஃபோல்டருக்கு அனுப்பும் வடிகட்டியை அமைத்துவிட்டு, அவை வராமல் போவதைக் கவனிக்கும் வேலையை வேறோர் இயந்திரத்திடம் கொடுங்கள். பேக்கப் வெற்றியாக முடிந்தால் மட்டும், கர்ல் கட்டளையால் ஒரு குறிப்பிட்ட முகவரியைத் தட்டிவிட்டு வரும்படி ஸ்கிரிப்டின் கடைசி வரியை எழுதலாம். குறித்த நேரத்துக்குள் தட்டல் வராவிட்டால் மறுமுனை உங்களுக்கு எச்சரிக்கை அனுப்பும். ஹெல்த்செக்ஸ் என்ற திறமூல மென்பொருள் இதற்காகவே உள்ளது. சொந்தச் சர்வரிலும் நிறுவிக்கொள்ளலாம். அது பேக்கப் எடுக்கும் அதே இயந்திரத்தில் இருக்கக்கூடாது.

கேள்வி: பழைய நகல்களை அழிக்கும் வேலையையும் அறிக்கை ஸ்கிரிப்டிலேயே சேர்க்கலாமா? 30 நாட்களுக்கு மேற்பட்டவற்றை ஃபைண்ட் மூலம் அழிக்க நினைக்கிறேன். (யாழ்ப்பாணம் வாசகர்)

பதில்: அறிக்கை எழுதும் ஸ்கிரிப்டுக்கு அழிக்கும் அதிகாரமே இருக்கக்கூடாது, அது படிக்க மட்டும் உரிமையுள்ள பயனராக ஓடட்டும். அழிப்பது தனி ஸ்கிரிப்டாக, அன்றைய நகல் சரிபார்ப்பில் தேறிய பிறகு மட்டும் ஓட வேண்டும். வயதை மட்டும் பார்த்து அழிப்பதில் உள்ள கேடு இது: பேக்கப் நின்று 30 நாட்கள் கவனிக்கப்படாமல் போனால், அழிக்கும் வேலை மட்டும் தவறாமல் ஓடி, கடைசி நல்ல நகலையும் எடுத்துவிடும். வயது எதுவாயினும் கடைசி ஏழு நல்ல நகல்கள் எப்போதும் இருக்க வேண்டும் என்று ஓர் எண்ணிக்கை வரம்பையும் சேர்த்து எழுதுங்கள்.

மதிப்பே அமைக்கப்படாத மாறியைப் பயன்படுத்தினால் ஸ்கிரிப்ட் உடனே நிற்கும்படி ஸெட் கட்டளையின் யூ விருப்பத்தையும் இயக்குங்கள். 2021 டிசம்பரில் கியோட்டோ பல்கலைக்கழகத்தின் சூப்பர் கம்ப்யூட்டரில், பழைய லாக்குகளை அழிக்க வேண்டிய பேக்கப் ஸ்கிரிப்ட், ஆய்வாளர்களின் கோப்புகளை அழித்தது. ஏறத்தாழ 77 டெராபைட், 3 கோடியே 40 லட்சம் கோப்புகள். ஸ்கிரிப்ட் ஓடிக்கொண்டிருந்தபோதே அதன் மேல் புதிய பதிப்பை எழுதியதுதான் காரணம். பாஷ் ஒரு ஸ்கிரிப்டை முழுவதுமாக முதலில் படித்துக்கொள்வதில்லை. ஓட ஓடத்தான் படிக்கிறது. நடுவில் கோப்பு மாறியதால், மதிப்பு அமைக்கப்படாத மாறியுடன் அழிக்கும் வரி ஓடிவிட்டது. ஸ்கிரிப்டைத் திருத்தும்போது வேறு பெயரில் எழுதி, பிறகு மூவ் கட்டளையால் பழைய பெயருக்கு மாற்றினால், ஓடிக்கொண்டிருக்கும் பழைய பிரதி கலையாமல் முடியும்.

கேள்வி: அறிக்கை தினமும் சரியென்றால், நகலிலிருந்து மீட்டுப் பார்க்கும் சோதனையும் தேவையா? (சென்னை வாசகர்)

பதில்: தேவை. அதையும் ஸ்கிரிப்டாக்கலாம்: மாதம் ஒருமுறை அன்றைய டம்பைத் தற்காலிகத் தரவுத்தளத்தில் ஏற்றி, முக்கிய அட்டவணையில் கடைசி பில்லின் தேதியைக் கேட்டு, பிறகு அந்தத் தரவுத்தளத்தை நீக்கிவிடுங்கள். சோதனை வெற்றியானால் அந்தத் தேதியை ஒரு கோப்பில் எழுதி, தினசரி அறிக்கையில் 'கடைசியாக மீட்டுப் பார்த்தது' என்ற ஆறாவது வரியாகச் சேருங்கள். அந்தத் தேதி 45 நாட்களைத் தாண்டினால், மற்ற ஐந்து வரிகளும் நன்றாக இருந்தாலும், பொருள் வரி 'கவனம்' என்று மாற வேண்டும்.